பெட்டியில்லாத கடிகாரம்

ஒரு கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்காமலே அதன் தகுதியைச் சொல்லிவிடக்கூடிய நாற்பத்திரண்டு பேர் சென்னையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கூடுவார்கள். தென்னக உயர்தரக் கைக்கடிகாரச் சேகரிப்பாளர் பேரவை என்று பெயர். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். போய்வந்ததில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. இதை எழுதும்போதே காது சூடாகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் பெயர் தமிழ்வாணன். பழவேற்காடு ஏரியில், வேம்படிக்குப்பத்தில் இருக்கிறேன். இறால் பிடிப்பது தொழில். பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிற சென்னைக்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது கூடுதல் தொழில். ஆறு வருடத்துக்கு முன் அப்படி ஏறிய ஒரு பெரிய மனிதர், முகத்துவாரத்துப் பக்கம் வந்ததும் போட்டோ எடுக்கிறேன் என்று எழுந்து நின்று, கேமராவோடு தண்ணீருக்குள் போய்விட்டார். நான் குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். முடி மட்டும் கையோடு வந்தது. பிறகு சட்டைக் காலரைப் பிடித்து ஆளையும் மேலே கொண்டுவந்தேன்.

அடுத்த வாரம் அவர் புது முடியோடு காரில் வந்து, ஒரு கடிகாரத்தை என் கையில் கொடுத்துக் கண்கலங்கிவிட்டுப் போனார். பிறகு வெளிநாட்டில் மகளோடு போய்த் தங்கிவிட்டதாகக் கேள்வி. கடிகாரம் சுவிட்சர்லாந்துச் சரக்கு. கம்பெனிப் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக வராது. அது ஒரு மரப்பெட்டியில் வந்தது. உள்ளே கருநீல வெல்வெட், நடுவில் கடிகாரம் படுத்துக்கொள்ள ஒரு குட்டி மெத்தை, மேலே பித்தளைக் கொக்கி.

என் மனைவி ஜமுனா பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கடியாரம் கைல கட்றதுக்கு. பொட்டி இன்னாத்துக்குய்யா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்தான் இவ்வளவுக்கும் காரணம்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஓடாது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். சண்டை வராமல் இருக்க வருடத்துக்கு ஒரு முறை அம்மன் கோயிலில் சீட்டு எடுப்போம். முதலில் வருகிற பெயர்களுக்கு முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல பாடு. கடைசியாக நிற்கிறவனுக்குச் சேறும் பாசியும் மண்டிய மேற்கு மூலை. சீட்டு என்றால் காகிதம் இல்லை. பழைய எக்ஸ்ரே படத்தை விரல் நீளத்துக்கு வெட்டி, ஆணியால் பெயரைக் கீறியிருப்போம். நனையாது, கிழியாது. வருடா வருடம் அதே சீட்டுகள்தான். யாருடைய விலா எலும்பின் மேலோ என் பெயரும் இருக்கிறது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சீட்டை எடுக்க மாட்டோம். மொத்தம் அறுபத்து நான்கு சீட்டில் அறுபத்து மூன்று பெயர் வந்துவிட்டால் மீந்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதையும் கையை விட்டு எடுத்துத் தூக்கிக் காட்டி அவனை ஏன் தலைகுனிய வைக்க வேண்டும் என்று முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள். கடைசிச் சீட்டு அம்மனுக்கு என்று சொல்லி மூடிவிடுவோம். நல்ல மனதோடு வைத்த வழக்கம்.

அதுவரை சீட்டுகள் ஒரு மண்கலயத்தில் கிடந்தன. நான் ஊர் கூடியிருந்த நேரம் பார்த்து, பெட்டியைக் கோயிலில் கொண்டுபோய் வைத்து, "கடியாரம் எனுக்கு, பொட்டி ஊருக்கு!" என்று உரக்கச் சொன்னேன். கைதட்டினார்கள். ஊர்த் தலைவர் வேதகிரி மாமா எனக்குச் சால்வை போட்டார். கலயத்துச் சீட்டுகளைப் பெட்டியில் கொட்டினோம். அந்தக் குட்டி மெத்தையை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்க, அம்மன் சீட்டுக்கு மெத்தை இருக்கட்டும் என்று சொன்னவனும் நான்தான்.

அந்த வருடம் கடைசியாக மீந்தவன் ஆதிகேசவன். என்னோடு எட்டாவது வரை படித்தவன். சால்வை போட்ட குஷியில் இருந்த நான், "இன்னாடா கடைசி கேசவா!" என்று கூப்பிட்டேன். கோயிலே சிரித்தது. அடுத்த வருடமும் அவன்தான் கடைசி. அதற்கடுத்த வருடமும். ஐந்து வருடம் தொடர்ந்து அவன் மேற்கு மூலைச் சேற்றில் வலை கட்டினான். நான் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் வீட்டுக்குத் தபால் கொண்டுவருகிறவர்கூடக் கடைசி கேசவன் வீடு எது என்றுதான் கேட்பார். அவன் மொட்டை போட்டான், திருப்பாலைவனம் கோயிலுக்கு நடந்தே போனான், எந்தப் பாவத்துக்கு இது என்று குறி கேட்டான். அவன் மகள் பூவிழியைப் பெண் பார்க்க வந்தவர்கள், அம்மன் முகம் கொடுக்காத வீடு என்று கேள்விப்பட்டு, காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அப்போதும் நான் அவனைப் பார்த்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

போன கார்த்திகைப் புயலில் என் படகு கல்லில் மோதி இரண்டாகப் பிளந்தது. சித்திரை அமாவாசைக்குச் சீட்டு. அன்றைக்குக் கரையில் படகு நிற்காதவனின் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பப் போட மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். மூன்று வருடம் பாடு இல்லாமல் எங்கள் ஊரில் இருப்பதைவிடச் சென்னையில் வாட்ச்மேனாகப் போய்விடலாம். அப்படிப் போனவர்களும் உண்டு.

"அந்தக் கடியாரத்த வித்துடு" என்றாள் ஜமுனா.

பொன்னேரியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் ஜோயலிடம் கொண்டுபோனேன். கண்ணில் கண்ணாடியைச் சொருகிப் பார்த்தவன், எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, நான் பேட்டரி போட்ற ஆளு. இத நான் தொறந்தா தப்பு. இதுக்குன்னு சென்னைல ஒரு பேரவை கீது. அங்க போங்க."

போனேன்.

பத்து மணிக் கூட்டம் பதினொன்றேமுக்காலுக்குத் தொடங்கியது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் மணிக்கட்டிலும் கடிகாரம் இல்லை. நேரம் பார்க்க வேண்டுமென்றால் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டி, அதற்கு வெளியே ஒரு பை, பைக்கு ஒரு உறை. ஒருவர் தன் உறையை இன்னொருவரிடம் காட்டி, இது கடையில் கொடுத்த ரிப்பன்தான், அவிழ்க்கவே இல்லை என்று சொல்ல, கேட்டவர் பொறாமையில் பேச்சை மாற்றினார்.

அன்றைக்கு விருது வழங்கும் நாள். 'பிரிக்காத பெட்டி' விருது வாங்கியவர் பன்னிரண்டு வருடமாகத் தன் பெட்டியின் முத்திரையை உடைக்காதவர். மேடையில் தழுதழுத்தார்.

"ஒருமுறை என் மனைவி உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறக்கப் பார்த்தார். இப்போது அவர் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். பெட்டி என்னோடு இருக்கிறது."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர் மட்டும், உள்ளே கடிகாரம் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். அவரை மூன்று மாதம் நீக்கிவைத்தார்கள்.

அடுத்து ஏலம். கடிகாரம் இல்லாத ஒரு வெறும் பெட்டி, இன்ஜினோடு ஒரு பைபர் படகு வாங்கக்கூடிய விலைக்குப் போனது. நான் என் காதைக் குடைந்துகொண்டேன்.

பிறகு தலைவர் ஹேமந்த் பேசினார். கோட்டு போட்டிருந்தார். பொத்தான்களை மூடியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது.

"நண்பர்களே, கடிகாரம் என்ன செய்கிறது? நேரம் காட்டுகிறது. நேரத்தை என் டிரைவரும் சொல்வார். ஆனால் பெட்டி? அது நாம் யார் என்று சொல்கிறது. என்னிடம் முப்பத்தொரு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கட்டியதில்லை. ஒன்றுக்குக்கூடச் சாவி கொடுத்ததில்லை. என் தந்தை தன் கடிகாரத்தைத் தினமும் கட்டினார். கடைசியில் என்ன ஆனது? அது பழசாகிவிட்டது. அவரும் போய்விட்டார்."

எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். அப்பாவுக்கா கடிகாரத்துக்கா என்று எனக்குப் புரியவில்லை.

என் முறை வந்தது. பெட்டிப் பிரிவுச் செயலாளர் நிவேதா என்ற பெண், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"பெட்டி எங்க சார்?"

"பொட்டி ஊர்ல கீதுமா."

"அப்ப கடிகாரம்?"

நான் கையை நீட்டினேன். அந்தப் பெண் ஓரடி பின்னால் போய்விட்டார். "கட்டியிருக்கீங்களா?" என்றார். அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"ஆமாமா. ஏரில எறங்குனாகூட கழட்ட மாட்டேன். நூறு மீட்டர் தண்ணி தாங்கும்னு பின்னாலயே போட்டுக்கீது."

"போட்டிருக்கும். அதற்காக?" என்றார் தலைவர். பிறகு கனிவாகவே விளக்கினார். பெட்டியும் உத்தரவாத அட்டையும் இல்லாத கடிகாரத்தைப் பேரவை கடிகாரமாகக் கருதாது. அது ஓடுகிற உலோகம். போதாததற்கு, அதை எனக்கு ஒருவர் கொடுத்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி?

"குடுத்தவரயே போன்ல கேளுங்க சார். எங்கயோ வெளிநாட்ல கீறாராம்."

"மனிதர்கள் ஞாபக மறதிக்கு உட்பட்டவர்கள். பெட்டி அப்படி இல்லை" என்றார் தலைவர். "பெட்டியோடு வாருங்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் முழுத் தொகுதியாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். பெட்டி வந்துவிட்டால் கடிகாரமும் வந்ததாகக் கருதப்படும்."

அவர் சொன்ன விலையில் படகும் வரும், வலையும் வரும். திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே வந்தேன்.

ஜமுனாவுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "நீ குடுத்த பொட்டிதான? வேதகிரி மாமா கைல போயி, இந்த மாதிரி, கஷ்டம், குடுங்கன்னு கேளேன். குடுக்காமலா போவாரு?"

கொடுத்திருப்பார். அதுதான் சத்தியம். கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார். இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ஒருமுறை தெற்கே இருந்து வீசுகிற தென்னல் காற்றைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இன்னொருமுறை அவருடைய மூட்டுவலியைப் பற்றி. ஊர் முன்னால் சால்வை வாங்கிக்கொண்டு கொடுத்ததைத் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்க வெட்கப்பட்ட நான், திருட வெட்கப்படவில்லை. இதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

மத்தியானம் இறால் லாரி வந்து ஊரே கரைக்குப் போயிருந்த நேரத்தில் கோயிலுக்குள் போனேன். எங்கள் ஊரில் எதற்கும் பூட்டுப் போடுகிற வழக்கமில்லை. ஜமுனாவின் தங்கை கல்யாணத்தில் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்வீட் பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மரப்பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை அதில் கொட்டி, மரப்பெட்டியை மூடியிருந்த சிவப்புத் துணியையே சுற்றி, அதே இடத்தில் வைத்தேன். எண்ணவில்லை. அம்மன் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

உத்தரவாத அட்டை ஒன்றும் தொலையவில்லை. ஜமுனா அதை வலை பின்னும்போது வலைக்கண்ணின் அளவு பார்க்க வைத்திருந்தாள். கெட்டியான பிளாஸ்டிக், சரியான அகலம். பிடுங்கிக்கொண்டதற்கு, "அப்ப வலைக்கு இன்னா பண்றதாம்?" என்று சத்தம் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு போனபோது பேரவையில் எனக்கு நடந்த மரியாதையே வேறு. நாற்காலி போட்டார்கள். பெட்டிக்கு அதைவிட நல்ல நாற்காலி. பெட்டிக் குழு ஐந்து பேர் கையுறையோடு சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து மோந்து பார்த்தார்கள்.

"கற்பூரம்" என்றார் ஒருவர்.

"மஞ்சள் கறை. மதிப்பைக் குறைக்க வேண்டும்" என்றார் இன்னொருவர்.

"இல்லை. ஆன்மிகப் பழமை. மதிப்பைக் கூட்ட வேண்டும்" என்றார் மூன்றாமவர். வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு இரண்டில் ஆன்மிகம் ஜெயித்தது. உத்தரவாத அட்டையில் ஒட்டியிருந்த நைலான் நூலை என்னவென்று பதிவு செய்வது என்று அரைமணி நேரம் பேசி, 'இயற்கை அனுபவம்' என்று எழுதினார்கள். அவ்வளவு நேரமும் கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காததால் நானும் கழற்றவில்லை.

நிவேதா ஒரு இடுக்கியால் குட்டி மெத்தையைத் தூக்கினார். அதற்குக் கீழே, வெல்வெட்டுக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த வெடிப்பில் இடுக்கியை விட்டு, எதையோ உருவினார். விளக்குக்கு நேரே பிடித்தார். எக்ஸ்ரே துண்டு. ஒரு விலா எலும்பு. அதன் மேல் ஆணிக் கீறல். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது.

"ஆ...தி...கே...சவன். யார் சார் இது? டிசைனரா?"

ஐந்து வருடம். முதல் வருடம் கலயத்திலிருந்து கொட்டியபோதே அது சறுக்கி உள்ளே போயிருக்கிறது. பெட்டியில் அவன் பெயர் இருந்தது, ஆனால் எந்தக் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. கடைசிச் சீட்டை எடுத்துக் காட்டக் கூடாது என்ற மரியாதையால் யாரும் தேடவில்லை. அவனுக்கு எந்தப் பாவமும் இல்லை. என் பெட்டிதான். நான் எடுக்க வேண்டாம் என்று சொன்ன மெத்தைதான்.

"சார்" என்றேன் தலைவரிடம். "அந்தச் சீட்ட மட்டும் எனுக்குக் குடுத்துடுங்க. அது கடியாரத்தோடது இல்ல. எங்க ஊரு ஆளுது."

"பெட்டிக்குள் இருந்ததா?"

"இருந்திச்சி."

"அப்படியானால் அது தொகுதியின் ஒரு பகுதி" என்றார் தலைவர். "அதை எடுத்துவிட்டால் பெட்டி முழுமையற்றது. பெட்டி முழுமையற்றதென்றால் கடிகாரம் கடிகாரமல்ல. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். உலகத்தில் எலும்புப் படத்தோடு கூடிய ஒரே பெட்டி இது. ஒரு மனிதரின் பெயருக்காக இதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?"

கதவு திறந்துதான் இருந்தது. பெட்டியையும் சீட்டையும் வாரிக்கொண்டு படியிறங்கியிருக்கலாம். யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றேன். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. கரையில் படகு நிற்க வேண்டும். அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இங்கேதான் நான் என்னை மன்னிக்க முடியாமல் இருக்கிறேன்.

கையெழுத்தான பிறகுதான் கடிகாரத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன். நிவேதா அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். மூடிய பெட்டிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். மூல உரிமையாளருக்கு என்று, தொகுதியில் உள்ள பொருள்களின் பட்டியலோடு தங்க முத்திரை போட்ட ஒரு சான்றிதழை எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு குழல், குழலுக்கு ஒரு உறை. மூல உறையில்லாத சான்றிதழ் செல்லாது என்று உறையின் மேல் அச்சடித்திருந்தது.

மறுநாளே சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பைபர் படகு வாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் பெட்டி காணாமல் போன விஷயம் ஊரில் தெரிந்துவிட்டது. சிவப்புத் துணியை அவிழ்த்த வேதகிரி மாமா ஸ்வீட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றார்.

"சீட்டு ஒண்ணும் போவல. பொட்டிய மட்டும் எட்த்துனு போயிக்கிறான். அப்ப இது நம்ம ஊரு ஆளு இல்ல. நம்ம ஊருக்காரனுக்கு வெறும் பொட்டி இன்னாத்துக்குடா?" என்றார். பிறகு என் தோளில் கைவைத்து, "மனசு கஷ்டப்படாத தமிழு. நீ ஆசையா குடுத்த பொட்டி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவர் ஸ்வீட் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் ஊரில் சீட்டுக்கு விழுந்த முதல் பூட்டு அது. ஜமுனாவின் பழைய எக்ஸ்ரே ஒன்றை வெட்டி, ஆதிகேசவன் என்று கீறி, எப்படியாவது உள்ளே போட்டுவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். அது பையிலேயே இருந்தது.

அமாவாசையன்று காலையில் ஊர் முன்னால் பெட்டியைத் திறந்தார்கள். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. இரண்டாவது சீட்டே என் பெயர். முகத்துவாரப் பாடு. ஜமுனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அறுபது, அறுபத்தொன்று. கடைசியில் வேதகிரி மாமா பெட்டியை மூடி, கற்பூரம் காட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு, "மீதி அம்மனுக்கு" என்றார். பின்னாலிருந்து யாரோ, "கடைசி கேசவா!" என்று குரல் கொடுத்தார்கள். சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் புதுப் படகின் கயிற்றைச் சும்மா அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கேசவன் வந்தான். படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

"நல்லா கீது தமிழு. தள்றதுக்கு ஆளு வோணும்னா கூப்புடு." போகத் திரும்பியவன் நின்றான். "பொட்டி காணாமப் பூட்ச்சின்னு சொன்னப்ப, தப்பா நெனைக்காத, எனுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்திச்சி. அந்தப் பொட்டிதான் எனுக்கு ஆவலையோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வீட்லகூட சொன்னேன், இந்த வாட்டி பாரு, பொட்டி மாறிடுச்சின்னு. பொட்டில ஒண்ணும் இல்லப்பா. எங்கிட்டதான் இன்னாவோ கீது."

நான் படகில் ஏறி, பலகைக்கு அடியில் செருகியிருந்த சான்றிதழை உறையிலிருந்து உருவி அவன் கையில் கொடுத்தேன். பேரவையின் விதிப்படி அந்த நிமிஷமே அது செல்லாததாகிவிட்டது. அவன் விரல் வைத்துப் படித்தான். மரப்பெட்டி ஒன்று. மெத்தை ஒன்று. உத்தரவாத அட்டை ஒன்று, இயற்கை அனுபவத்துடன். மெத்தையின் அடியில் கண்டெடுக்கப்பட்ட எலும்புப் படத் துண்டு ஒன்று, அதில் ஆதிகேசவன் என்ற எழுத்து. கைக்கடிகாரம் ஒன்று.

விரல் அவன் பெயரிலேயே நின்றது.

"மெத்தைக்கு அடியிலயா?"

"ஆமா."

"அஞ்சு வருசமா?"

"ஆமா கேசவா. பொட்டிய எட்த்ததும் நான்தான். தெரிஞ்சும் இன்னிக்கி வாயத் தொறக்கல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பேர நீதான வெச்ச?"

"நான்தான்."

காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். நானே போய் வேதகிரி மாமாவைக் கூப்பிட்டு, ஊரைத் திரும்பக் கூட்டச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். ஜமுனா தலைகுனிந்து நின்றாள். யாரும் கூச்சல் போடவில்லை. வேதகிரி மாமா ஒன்றை மட்டும் கேட்டார், "எங்கைல கேட்டிருக்கக் கூடாதாடா?"

என் சீட்டை எடுத்துவிட்டார்கள், மூன்று வருடத்துக்கு. கேசவன் பெயரைப் புதிதாகக் கீறி, இருக்கிற சீட்டுகளை முதல் தடவையாக எண்ணி, திரும்பவும் எடுத்தார்கள். கேசவனுக்குப் பத்தொன்பதாவது பாடு. பெரிய பாடு ஒன்றும் இல்லை, சுமாரான இடம். ஆனால் அன்றைக்கு அவன் மனைவி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். பத்தொன்பது என்று பூவிழி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டுக்கும் வந்து கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன், வாயில் போட முடியவில்லை.

என் படகு இப்போது கரையில் நிற்கிறது. நான் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போகிறேன். பெட்டியைத் திரும்பக் கேட்டுப் பேரவைக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் வந்தது. நான் அனுப்பிய சான்றிதழ் நகலில் மூல உறை இணைக்கப்படாததால் மனுவைப் படிக்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் விழும் என்று காத்திருந்தேன். அதற்குத் தகுதியானவன் நான். டீக்கடையில் சில பேர் ஆரம்பிக்கவும் ஆரம்பித்தார்கள். கேசவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம்ப்பா, யாருக்கும் பேரு வெக்காதீங்க. வீட்ல பொம்பளப் புள்ளைங்களும் அத்தக் கேட்டுக்கினுதான் இருக்கும்" என்று சொன்னானாம். அதோடு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் என்னை முழுசாகத் தமிழ்வாணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.